கட்டைவிரலுக்கு ஒரு பிடி

என் மச்சினன் கம்ப்யூட்டரில் முதன்முதலாக வரைந்த கோப்பைக்குக் கைப்பிடி உள்பக்கம் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அதைப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருளாகவே செய்து தரும் 3டி பிரின்டரில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. பத்து சென்டிமீட்டர் என்று நினைத்துக்கொண்டு வெறும் பத்து என்று அடித்திருக்கிறான். சாஃப்ட்வேர் அதைப் பத்து மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. என் மனைவி அதை இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எறும்பு விருந்தாளியாக வந்தால் இதில் காபி கொடுக்கலாம் என்றாள். அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பாட்டில் மூடிகளுக்கு அச்சு செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் பிரிவுக்கு நான்தான் தலைவன். மூடியின் மரையில் தலைமுடி கனத்தில் பாதி பிசகினாலும் பாட்டில் ஒழுகும். அது பிசகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான், தொழிற்சாலையில் எனக்கு அதுதான் பெயர். கேலியாக வைத்ததுதான். ஆனால் சிக்கல் என்று வந்தால் கேலி செய்த அத்தனை பேரும் மைக்ரானைத் தேடித்தான் ஓடி வருவார்கள். வரைந்து செய்கிற இந்த வேலையைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

மச்சினனுக்குக் குடும்பத்தில் பாதி என்று பெயர். அது நான் வைத்தது. மீன் தொட்டி வைத்தான், மீன் வாங்குவதற்குள் அலுத்துவிட்டது. புல்லாங்குழல் வாங்கினான், ஏழு சுரத்தில் நாலு வந்தது. ஏதோ ஒரு அந்நிய மொழியைப் படிக்கிறேன் என்று கிளம்பி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்ணக் கற்றுக்கொண்டு நிறுத்திவிட்டான். பன்னிரண்டுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். இதுவரை தேவைப்படவில்லை என்றான். வயது நாற்பது. பேருந்து நிலையத்தில், பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி வைக்கும் அறையில் உத்தியோகம். நாளெல்லாம் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல் காக்கிற ஆளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அந்த நேரத்தில் கைபேசியில் பாடம் பார்த்துப் பார்த்து, பொருள்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரின்டரில் செய்து எடுக்கக் கற்றுக்கொள்கிறானாம். பாடம் நடத்துகிறவன் யாரோ ஒரு தாடிக்காரன். அவனும் நேற்றுக் கற்றுக்கொண்டு இன்று சொல்லிக்கொடுப்பவன் மாதிரிதான் இருந்தான்.

வெறும் பொழுதுபோக்கு என்றால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இதில் என் மனைவியின் கை மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் முடி வெட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே சலூனில், ஒரே நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவள். எட்டு மாதத்துக்கு முன்பு சலூனின் ஈரத் தரையில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு நசுங்கியது நசுங்கியதுதான். விரலை ஒட்டலாம், விலக்கலாம். மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்த முடியாது. கத்தரிக்கோலில் வேலை செய்வதே அந்த விரல்தான், மற்றவை சும்மா தாங்கிக்கொண்டு நிற்கும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடது கையால் பழகிப் பார்த்தாள். பயிற்சிக்கு வைக்கும் பொம்மைத் தலையின் காது போனதுதான் மிச்சம். சலூன் முதலாளியம்மா நல்ல மாதிரி. நாற்காலியை எட்டு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அதற்கு மேல் முடியாது என்று இப்போது சொல்லிவிட்டாள். அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சலூனுக்கு விடுமுறை நாள். அன்று வந்து என் கண் முன்னால் ஒரு தலையை முதலிலிருந்து கடைசிவரை வெட்டிக் காட்டு, முடியவில்லை என்றால் வேறு பெண்ணை வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

இந்தக் கெடுவுக்கு ரொம்ப முன்பே, கை முறிந்த ஐந்தாம் மாதம், மனைவி முதலில் என்னிடம்தான் கேட்டாள். அதை மறைக்க விரும்பவில்லை. கட்டைவிரலை வெளியே தள்ளி நிறுத்துகிற மாதிரி ஒரு உறை, அதன் நுனி கத்தரிக்கோல் வளையத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கொக்கி, மணிக்கட்டில் இறுக்க ஒரு பட்டை, அவ்வளவுதான், உங்களால் செய்ய முடியாதா என்றாள். நான் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். நரம்பு தானாக வளரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவசரப்பட்டால் கெடும், ஓய்வெடு, வேலை எங்கே ஓடிப்போகிறது என்றேன். வீட்டில் அவளை ஒரு துரும்பை எடுத்துப் போட விட்டதில்லை நான். காய் நறுக்கினேன், துணி பிழிந்தேன், அவளுக்குத் தலை வாரிவிட்டேன். இதைவிட ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும்? அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவது முறை கேட்கவில்லை. அடுத்த வாரமே பாதி ஒரு பழைய பிரின்டரை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து, அக்காவுக்கு நான் செய்து தருகிறேன் என்று ஆரம்பித்துவிட்டான்.

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேசை, மேசையில் கம்ப்யூட்டர், தரையில் பிரின்டர். ஜன்னல் விளிம்பில், ஒரு பக்கம் மொட்டையான பொம்மைத் தலை. பாதி ஒரு ஸ்கேலைத் திரைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மௌஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தான். படம் பெரிதாகிப் பெரிதாகி ஸ்கேலில் ஆறு சென்டிமீட்டரைத் தொட்டதும், அளவு சரியாக வந்துவிட்டது அக்கா என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கற்றுக்குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். மௌஸைத் தலைகீழாகப் பிடித்தவனைப் பார்த்திருக்கிறேன். திரையில் ஸ்கேல் வைத்து அளந்தவனை அன்றுதான் பார்த்தேன். கிட்டே வந்தால் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காகத் தெருவில் வருகிற லாரி வளர்ந்துவிடுமா என்று கேட்டேன். படத்தைக் கிட்டே கொண்டுவருவது வேறு, பொருளுக்கு அளவு கொடுப்பது வேறு, இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் என்றேன். இன்னும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அப்படியா மாமா என்று ஒரு நோட்டை எடுத்து, லாரி என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டான். அவமானப்படவே தெரியாத பிறவி. அப்படிப்பட்டவனைத் திட்டுவது போல வீண் வேலை உலகத்தில் கிடையாது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒன்றை ஒன்று மிஞ்சியது. ஒரு உறைக்குச் சுவரின் கனமே கொடுக்கவில்லை. திரையில் பளபளவென்று இருந்தது, பிரின்டர் ஒரு மணி நேரம் அங்குமிங்கும் ஓடிவிட்டு ஒன்றுமில்லாத தட்டை நீட்டியது. இன்னொன்றில் கொக்கியை உறையோடு ஒட்டாமல் ஒரு நூலிழை தள்ளி வரைந்திருந்தான். இரண்டும் தனித்தனியாக வந்து விழுந்தன. ஒன்று, விரல் எவ்வளவு கனமோ துளையும் அவ்வளவே. இருபது மில்லிமீட்டர் விரல் இருபது மில்லிமீட்டர் துளைக்குள் போகாது, கொஞ்சம் இடம் விட வேண்டும் என்கிற அறிவுகூட இல்லாமல் மாட்டிவிட்டு, கழற்ற முடியாமல் சோப்பு நுரை போட்டு உருவினார்கள். அந்தக் கதையை என் மனைவி வீட்டுக்கு வந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பாக இருந்தது அவன் வேலை செய்கிற முறை. ஒரு முறை ஒழுங்காக வரைந்துவிட்டால், பிறகு ஒரு எண்ணை மாற்றினால் போதும், மொத்தப் படமும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். இந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான். அது அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய படத்தை முழுசாக அழிப்பான். அக்காவின் கையை மடிமேல் வைத்துக்கொண்டு விரலைச் சுற்றி நூலைப் போடுவான், நூலை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான், முதல் கோட்டிலிருந்து மறுபடி வரைவான். ஒரு மில்லிமீட்டர் மாற்றத்துக்கு மூன்று மணி நேரம். எங்கள் பிரிவில் எவனாவது இப்படிச் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பேன். இவளோ அந்த மூன்று மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பாள்.

பதினோராவது உறையை மாட்டிக்கொண்டு பொம்மைத் தலையில் நாலு வரிசை வெட்டினாளாம். அன்று அவள் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், நாலு வரிசை, விடாமல் நாலு வரிசை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். ஐந்தாவது வரிசையில் உறை நழுவிக் கத்தரிக்கோல் கீழே விழுந்தது என்பதைக் கடைசியில் போகிறபோக்கில் சொன்னாள். அப்புறம் பன்னிரண்டு, பதிமூன்று. பதினான்காவது, ஓரம் கத்தி மாதிரி இருந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். துணியில் ரத்தம். திங்கட்கிழமைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த அரைகுறையை நம்பி இருக்கிற விரலையும் இழக்கப் போகிறாயா என்று கத்தினேன். மூன்று மாதமாக அவன் கிழித்ததை நான் மூன்று மணி நேரத்தில் செய்வேன் என்றேன்.

"அப்ப செஞ்சு குடுங்க. அளவு எடுக்கணுமே" என்று துணியை அவிழ்த்துவிட்டு வலது கையை மேசைமேல் நீட்டினாள்.

நான் பையிலிருந்து டிஜிட்டல் அளவுகோலை எடுத்தேன். அவளுடைய இடது கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அது எதுக்கு? புண்ணு வேற. அளவு ஒழுங்கா நிக்காது. நல்ல கையை அளந்தாப் போதும். வரைஞ்சு அப்படியே திருப்பிப் போட்டா வலது கை. ஒரே ஒரு பட்டன்தான்."

எங்கள் தொழிலில் இதுதான் முறை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற எதையும் எவனும் முழுசாக வரைய மாட்டான். ஒரு பாதியை வரைந்து மறுபாதியைப் பிரதி எடுப்பான். நேரம் மிச்சம், பிழையும் இல்லை. முப்பத்தொரு அளவு எடுத்தேன். விரலின் நீளம், கணுவின் சுற்றளவு, விரலடிச் சதைமேட்டின் உயரம், அது உள்ளங்கையில் வந்து இறங்குகிற சரிவு. அவளுடைய வலது கை கொஞ்ச நேரம் மேசைமேல் அப்படியே கிடந்தது. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அளவில் மும்முரமாக இருந்தேன்.

தொழிற்சாலையில் மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் வரைந்து முடித்தேன். உண்மையிலேயே மூன்று மணி நேரம்தான். மாதிரி மூடிகள் எடுக்கிற நல்ல மெஷினில் நைலானில் எடுத்தேன். பதினோரு கிராம். விரல் நுழைகிற வாயின் ஓரம் முழுவதையும் மழுக்கி உருட்டி விட்டிருந்தேன், எங்கே தடவினாலும் கை வழுக்கும். கொக்கி கத்தரிக்கோல் வளையத்தில் டிக்கென்று உட்கார்ந்தது. தோல் நிறத்தில் சாயம்கூட ஏற்றினேன். பக்கத்து மேசைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருந்து, பாதியின் அறையில், அவன் கண் முன்னால் எடுத்துக் கொடுத்தேன். அவன் முகத்தில் ஈயாடாமல் போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சின்னப் புத்திதான், தெரியும். அவனோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜன்னலருகே ஓடினான். ஓரம் இவ்வளவு வழவழப்பாக எப்படி வந்தது, இந்த வளைவை எந்தப் பட்டனில் செய்தீர்கள், நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா என்று துளைத்தெடுத்தான். அக்கா, இதுதான் அக்கா வேலை, நான் செய்ததெல்லாம் குப்பை என்றான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த சந்தோஷம் பாதி போய்விட்டது. சண்டைக்கே வராதவனை எப்படி ஜெயிப்பது?

அவள் மாட்டிக்கொண்டாள். கட்டைவிரல் உள்ளே போனது. போய், சும்மா ஆடியது. கத்தரிக்கோலைக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். உறை அப்படியே புரண்டு கீழ்ப்பக்கம் தொங்கியது. நேராக மாட்டவில்லை போலிருக்கிறது என்று நான் கிட்டே போனேன். நேராகத்தான் மாட்டியிருந்தாள். விரலடியில், சதைமேடு உட்கார வேண்டும் என்று நான் அழகாகக் குடைந்து வைத்திருந்த குழிக்கும் அவள் தோலுக்கும் நடுவில் ஒரு பென்சிலை நுழைக்கலாம். மைக்ரானின் வேலையில் பென்சில் நுழைகிற சந்து. பட்டையை இறுக்கினேன், பஞ்சு வைத்துப் பார்க்கலாமா என்றேன், நீ விரலைக் கொஞ்சம் விறைத்துப் பிடி என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். பிறகு உறையைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் கையைப் பார்த்தேன்.

சதைமேடு இல்லை. நான் அளந்து வரைந்த அந்த மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் தோல் எலும்போடு ஒட்டிப்போய்க் கிடந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு ஒரே மட்டத்தில், கட்டிப்போட்ட மாதிரி படுத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை ஒரு ரோஜா நிறத் தழும்பு. நரம்பு போனால் சதை வற்றும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். எட்டு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே கட்டிலில் இருந்துவிட்டு, அது எப்படி இருக்கும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறேன். சாப்பிடும்போது அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் இடப்பக்கமாக நடந்திருக்கிறேன். தலை வாரிவிடும்போது அவள் பின்னால் நின்றிருக்கிறேன். ஓய்வெடு, ஓய்வெடு என்று சொன்னதெல்லாம் அந்தக் கையை மடியிலேயே வைத்துக்கொள், என் கண்ணில் காட்டாதே என்பதற்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டு, எட்டு மாதம் காய் நறுக்கியிருக்கிறேன்.

அவள் உறையை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க அளந்தது இதை" என்று இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வலது கையைத் தூக்கினாள். "நான் வெட்டணும்னு நினைக்கிறது இதால. அன்னைக்கு நீட்டினேன்ல?"

நீட்டினாள். நான் பார்த்தேன், பார்க்காமல் விட்டேன். பாதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பொம்மைத் தலையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தான். அவன் என்னைக் கேலி செய்திருக்கலாம், அவனுக்கு அன்று அந்த உரிமை இருந்தது. செய்யவில்லை. அதற்காகவும் அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நூலை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். பதினைந்தாவது. போன வாரத்தைவிடப் பள்ளம் ஒரு நூல் கூடியிருக்கிறது அக்கா, அதனால்தான் போன தடவை நழுவியது என்றான். அவளுடைய கை ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டிருந்தது. எதையும் திருத்தத் தெரியாத அந்த முட்டாள் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து அளந்துகொண்டிருந்தான். பதினான்கு தடவை அந்தக் கையை மடிமேல் வைத்துப் பார்த்திருக்கிறான். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் ஒரு கோடு போட மூன்று கோடு அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் திறந்தேன். துளைக்கு அரை மில்லிமீட்டர் இடம் விடு என்றேன். விட்டிருக்கிறேன் மாமா, நோட்டில் இருக்கிறது என்றான்.

பிற்பகலில் அது பிரின்டரிலிருந்து வந்தது. ஆரஞ்சு நிறம். பிரின்டரில் போடும் பிளாஸ்டிக் இழையில் அந்த நிறச் சுருள்தான் மிச்சம் இருந்ததாம். ஒரு பக்கம் கோணல், மேலெல்லாம் வரி வரியாகச் சொரசொரப்பு. என் பிரிவில் யாராவது அதைக் கொண்டுவந்து காட்டினால் குப்பைத் தொட்டியின் பக்கம் கையைக் காட்டியிருப்பேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன், வேலை என்று பார்த்தால் அது கேவலம். ஓரத்தை மட்டும் தேய்த்துக் கொடுங்கள் மாமா என்று உப்புத்தாளை என்னிடம் நீட்டினான். ஒரு மணி நேரம் தேய்த்தேன். மாட்டினாள். பள்ளத்தில் அது போய்ப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. பொம்மைத் தலையில் இருந்த கடைசி முடிவரை வெட்டித் தீர்த்துவிட்டு, நாளைக்கு ஒரு தலை வேண்டுமே என்றாள். பாதிக்கு வழுக்கை, வெட்ட ஒன்றுமில்லை. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை சலூனில் நாங்கள் நாலு பேர்தான். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆரஞ்சு உறையைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது. எனக்கே அப்படித்தானே கோணியது, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பாதி வாசல் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். மனைவி என் கழுத்தில் துணியைக் கட்டினாள். முதல் பத்து நிமிஷம் கத்தரிக்கோல் ஒரு முறை வெட்டி ஒரு முறை நின்றது. என் காது மடலுக்குப் பக்கத்தில் அதன் நுனி நடுங்குவது தெரிந்தது. பிறகு அது நிற்காமல் ஓடத் தொடங்கியது. இருபது நிமிஷ வேலைக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கடைசியில் வியர்த்து வழிய உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தள்ளி நின்றாள்.

முதலாளியம்மா என்னைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். குனிந்து பார்த்தாள்.

"வேலை சுத்தமா இருக்கு. வேகம் தானா வரும். ஆனா இடது பக்கம் நீளம். அதை எடுத்துடு, செவ்வாய்க்கிழமைலேருந்து வந்துடு."

மறுபடி மாட்டி, மறுபடி வெட்டி, இந்த முறை கை நழுவினால் எல்லாம் போய்விடும் என்று தோன்றியது. இடது பக்கம் மூன்று மில்லிமீட்டர் நீளம் என்பது எனக்கே தெரிந்தது. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் அளவு விஷயத்தில் சொன்ன முதல் பொய் அது.

மனைவி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீளம்தான். பேசாம உக்காருங்க."

மேசையிலிருந்த ஆரஞ்சு உறையை இடது கையால் எடுத்தாள். வழக்கமாகப் பல்லால் பட்டையைக் கடித்து இழுத்துத் தானே மாட்டிக்கொள்வாள், இல்லையென்றால் தம்பி மாட்டிவிடுவான். வாசல் பெஞ்சில் அவன் எழுந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. உறையை என் மடியில் போட்டுவிட்டு, வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மாட்டிவிடுங்க."

நான் துணிக்கடியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தேன். அந்தக் கையை வாங்கினேன். நான் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது, குளிர்ந்திருந்தது. கட்டைவிரலை வெளியே எடுத்து நிறுத்த என் விரலைப் பள்ளத்தில் வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. உறையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு முறை தடுமாறினேன். முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிப் பிடிங்க" என்றாள் என் மனைவி. "வலிக்காது. அங்க தொட்டாலும் எனக்கு எதுவும் தெரியாது."